மட்டக்களப்புத் திரைப்பட வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் எனது வணக்கமும் ஸலாமும்.

நிர்வாக சபை மாதம் ஒருமுறை கூடியது. இரு தடவைகள் ஆட்கள் போதாமல் கலைந்தது. பாடசாலை விடுமுறையில் சிறுவர் படங்கள் காட்டப்பட்டன. குறும்படப் பட்டறை ஒருநாள் நடந்தது. மார்கழி 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நினைவு நாளாகையால் வழமைபோல் திரையிடல் வைக்கவில்லை. புரொஜெக்டர் விளக்கு மாற்றப்பட்டது.

இவ்வாண்டின் பெரும் வேலை முன்கதைப் படங்களின், அதாவது முன்பு வந்த படமொன்றின் கதைக்கு முன் நடந்ததைச் சொல்லும் படங்களின், வரிசைதான். அதற்கு ஏன் இத்தனை மாதம், ஏன் இத்தனை செலவு என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்கள் கூட்டத்துக்கு வந்து கேட்கவில்லை. ஆகவே சபைக்கு இங்கே விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எடுத்துக்கொண்ட படம் ‘ரெட் ட்ராகன்’. 2002 இல் வந்தது. 1991 இல் வெளிவந்து ஐந்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘த சைலன்ஸ் ஒஃப் த லாம்ப்ஸ்’ படத்துக்கு முன்னால் நடந்த கதை. தொடர் கொலையாளிகளைப் பற்றிய இவ்விரு படங்களுக்கும் திரைக்கதை எழுதியவர் டெட் டாலி. மனிதரைத் தின்னும் மனநல மருத்துவர் ஹனிபல் லெக்டராக இரண்டிலும் அன்ரனி ஹொப்கின்ஸ். ஆனால் நாவல்களை எடுத்துப் பார்த்தால் வரிசை வேறு: தோமஸ் ஹரிஸ் ‘ரெட் ட்ராகன்’ நாவலை 1981 இல் எழுதினார், மற்றதை 1988 இல்தான் எழுதினார். 1986 இல் மைக்கல் மான் ‘மான்ஹன்டர்’ என்று எடுத்ததும் இதே நாவலைத்தான். முதற்கதையாகப் பிறந்த ஒன்று திரையில் முன்கதையாகிவிட்டது. பார்வையாளர் மனத்தில் எது முதலில் குடியேறியதோ அதை வைத்தே அடுத்ததை அளக்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்கத்தான் கருத்து அட்டைத் திட்டத்தை முன்மொழிந்தேன்.

முதற் சனிக்கிழமை 1991 படம், அடுத்த சனிக்கிழமை 2002 படம் என்பது ஏற்பாடு. இரண்டையும் ஒரே மாலையில் போட்டிருக்கலாமே என்றார்கள். 118 நிமிடமும் 124 நிமிடமும் சேர்ந்தால் நாலு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு கலந்துரையாட எவரும் மிஞ்சமாட்டார்கள். முதல் நாள் வாடைக்காற்று மழை. ஏறாவூர், களுவாஞ்சிக்குடிப் பக்கத்து அங்கத்தவர்கள் வர முடியவில்லை. இரண்டாம் நாள் மண்டபம் நிறைந்தது. அதனால் முதற்படத்தைப் பார்த்தவர்கள், பாராதவர்கள் என இரு கூட்டம் ஒரே மண்டபத்தில் அமைந்தது. திட்டமிட்டாலும் இப்படி அமைந்திருக்காது.

அட்டையைப் பற்றி. முன்பு ஒரு திரையிடலில் ‘உங்கள் கருத்து’ என்று மட்டும் அச்சிட்டுக் கொடுத்தோம். ‘நல்ல படம்’, ‘பரவாயில்லை’ என்பவைதான் திரும்பி வந்தன. கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். இம்முறை ஏ4 தாளை நாலாக வெட்டி மூன்று கேள்விகள் போட்டோம். முதற்படத்தை முன்பே பார்த்தீர்களா? எந்த இடத்தில் கவனம் தளர்ந்தது? கொலையாளி மீது இரக்கம் வந்ததா, வந்தால் எந்தக் காட்சியில்? படம் முடிந்து வெளிச்சம் போட்டதும் ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் எழுதவேண்டும், கதவடியில் அட்டையைக் கொடுத்துவிட்டே தேநீருக்குப் போகவேண்டும் என்பது நிபந்தனை. பேச்சு தொடங்கிய பின் எழுதினால் யாருடைய குரல் பெரிதோ அவருடைய கருத்துத்தான் எல்லா அட்டையிலும் இருக்கும். பேனாவுக்குப் பதில் பென்சில் கொடுத்ததும் காரணத்தோடுதான்: மழை ஈரத்தில் மை ஊறி, முதல் நாள் அட்டைகளில் பலதை வாசிக்க முடியவில்லை.

அட்டைகளை இரண்டு கட்டாகப் பிரித்தபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. முதற்படத்தைப் பார்த்தவர்கள் லெக்டர் வரும் காட்சிகளில் பயமில்லை என்று எழுதினார்கள். அவர் சாகமாட்டார், சிறையிலேதான் இருப்பார் என்று தெரிந்தபின் பதற்றம் எங்கிருந்து வரும்? எட்வேட் நோர்ட்டன் நடித்த புலனாய்வாளர் வில் கிரேகம் குடும்பத்தோடு தப்புவாரா என்பதிலேயே அவர்களின் கவலை. பாராதவர்கள் நேர்மாறு: கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசும் அந்த ஆளுக்கே பயந்தார்கள். கடைசிக் காட்சியில், இளம் பெண்ணொருத்தி சந்திக்க வந்திருக்கிறாள் என்றதும் லெக்டர் அவள் பெயரைக் கேட்பதோடு படம் முடிகிறது. பார்த்தவர்களுக்கு அது உடம்பு சிலிர்க்கும் இடம். பாராதவர்களில் சிலர் ‘சப்டைட்டில் இடையில் நின்றுவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். முன்கதைப் படத்தைப் பின்னால் பார்க்கவேண்டும் என்று நிர்வாக சபையில் நான் வாதாடியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஹொப்கின்ஸின் வயதும் பலர் கண்ணில் பட்டது. 1937 இல் பிறந்தவர், பதினொரு ஆண்டு கழித்து இளைய லெக்டராக வருகிறார். தொடக்கக் காட்சியின் சிறு குடுமியால் வயதை மறைக்க முடியவில்லை. லெக்டரை அடைத்து வைத்த மனநோய் மருத்துவமனையின் பணியாளர் பார்னியாக ஃபிராங்கி ஃபைசனும், அதன் தலைவர் சில்ட்டனாக அன்ரனி ஹீல்டும் மாறாமல் இருக்க, புலனாய்வு அதிகாரி குரோஃபோர்ட் மட்டும் ஸ்கொட் கிளென் இல்லாமல் ஹாவி கைட்டலாகிப் போனது சிலரைக் குழப்பியது. 1986 படத்துக்கும் இதற்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, டான்டே ஸ்பினோட்டி. முன்னதன் நீல ஒளியையும் பின்னதன் மண்ணிற இருட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்ட ஒரு மாலை ஒதுக்கியிருந்தோம்; வந்தவர்களை ஒரு வாங்கிலேயே இருத்தியிருக்கலாம். இரக்கம் பற்றிய கேள்விக்குப் பெண் அங்கத்தவர்கள் ஏறக்குறைய ஒரே காட்சியைக் குறித்தார்கள்: கண்பார்வையற்ற ரீபா மயக்க மருந்து கொடுக்கப்பட்ட புலியைத் தடவிப் பார்ப்பதும், தேடப்படும் கொலையாளியாக வரும் ரேல்ஃப் ஃபைன்ஸ் விலகி நின்று அதைப் பார்ப்பதும். இந்தக் கொலையாளி ஒரு படச்சுருள் நிலையத்தில் வேலை செய்கிறான், மக்கள் கொண்டுவந்து கொடுக்கும் வீட்டுப் படங்களைப் பார்த்தே குடும்பங்களைத் தெரிந்தெடுக்கிறான் என்பது, கலியாண வீடியோ எடுக்கும் தொழிலிலுள்ள நம் அங்கத்தவர்களை மிகவும் பாதித்திருக்கிறது. அவர்களின் அட்டைகள்தான் எல்லாவற்றிலும் நீளமானவை.

இனி 2002 படத்தின் தமிழ் சப்டைட்டில். மூன்று மாதம் பிடித்ததும் இதற்குத்தான். இரண்டு மணி நேரப் படமொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வசன வரிகள் உண்டு. ஒரு தடவையில் இரண்டு வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்தளவு, திரையில் நிற்பது ஒரு விநாடிக்குக் குறையாமலும் ஏழு விநாடிக்கு மேற்படாமலும் என்று வைத்துக்கொண்டோம். தட்டச்சு செய்து தந்தவர்களில் சிலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தார்கள். அதை யூனிக்கோட்டுக்கு மாற்றாமல் போட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யூனிக்கோட்டில் அடித்ததையும் யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையைத் தெரிவுசெய்து சேமிக்காவிட்டால் கேள்விக்குறிகள் மட்டுமே மிஞ்சும். தொலைக்காட்சிப் பெட்டியில் பென்டிரைவைச் செருகிப் போட்டால் பல பெட்டிகளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும், மடிக்கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிளில் எடுப்பதே பாதுகாப்பு.

அடுத்தது நேரம். ஒத்திகையில் தொடக்கத்தில் சரியாக இருந்த வரிகள் அரை மணித்தியாலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தின, படம் முடியும்போது ஐந்து நிமிடம். காரணம் இதுதான்: நேரக்குறிப்பை விநாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) ஓடும் டிவிடியிலிருந்து எடுத்திருந்தோம், நாம் போட்ட பிரதி 23.976 சட்டம். வரிகளை ஒரேயடியாகப் பின்தள்ளி இதைத் திருத்த முடியாது. பிழை தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவாக இருந்தால் மட்டும் தள்ளுவது போதும். போகப் போகக் கூடினால் சட்ட வேகத்தையே மாற்றவேண்டும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் அதற்கு வசதி உண்டு, ஒரு நிமிட வேலை. இது பிடிபடுமுன் வரி வரியாகத் திருத்தியதில் இரண்டு கிழமை போனது.

மொழியில் வந்த சிக்கல் இதைவிடப் பெரிது. பத்திரிகைகள் கொலையாளிக்கு வைக்கும் பட்டப்பெயர், பாற்பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் தேவதையின் பெயர், ‘டூத் ஃபெயரி’. பல்லைக் கூரையில் எறிகிற நமக்கு அந்தத் தேவதையைத் தெரியாது. முதல் வரைவில் ‘பல் தேவதை’ என்று இருந்தது. தேவதை என்றால் தமிழில் மதிப்பல்லவா, பிறகு அவன் ஏன் கோபப்படுகிறான்? ‘பல்லுப் பேய்’ என்றால் அவன் விரும்புகிற பயத்தையே நாம் கொடுத்தவர்களாவோம். கடைசியில் ‘பல்லுப் பொறுக்கி’ என்று வைத்தோம்; இகழ்ச்சி சரியாக விழுந்தது. படத்தின் பெயருக்குக் காரணமான, வில்லியம் பிளேக்கின் ஓவியத்திலுள்ள ட்ராகனுக்குத் தமிழ் வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் ‘வலுசர்ப்பம்’ என்ற சொல் ஆயத்தமாக இருந்தது, அதையே எடுத்தோம். வேதாகமப் பழக்கமில்லாதோருக்காகத் துண்டுப்பிரசுரத்தில் இரண்டு வரி விளக்கம் சேர்த்தோம். இன்னொன்று: ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசியில் வரும் பெயர் தமிழில் முன்னே வந்துவிடுவதால், நடிகர் சொல்லுமுன் சப்டைட்டில் இரகசியத்தைச் சொல்லிவிடுகிறது. அப்படியான இடங்களில் ‘அவன் பார்த்தது… இந்தப் படச்சுருளை’ என்று திருப்பிப் போட்டோம்.

எட்டடி அகலத் திரையில் இந்த அகலப் படத்தின் உயரம் மூன்றடி நாலங்குலம்தான். மேலும் கீழும் ஏழங்குலக் கறுப்பு விளிம்பு. சப்டைட்டிலைக் கீழ் விளிம்பில் இறக்கினால் முகங்களை மறைக்காது. ஆனால் திரையின் அடி நிலத்திலிருந்து நாலடியாவது உயரவேண்டும், இல்லையேல் பின்வரிசைக்கு முன்வரிசைத் தலைகள்தான். சென்ற முறை வசனம் கேட்கவில்லை, இசை மட்டும் காதைப் பிளந்தது என்ற முறைப்பாடு நியாயமானது. ஐந்து ஒலிபெருக்கிகளுக்கான ஒலியில் வசனம் நடு ஒலிபெருக்கிக்குப் போகிறது, நம்மிடம் இருப்பதோ இரண்டு. படம் போடும் வீ.எல்.சி. மென்பொருளில் ஸ்டீரியோவாகக் கலக்கும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது.

இந்த மண்ணில் கொலைப் படம் எதற்கு என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கடிதம் தந்தார். அதை மதித்தே பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரை அனுமதிக்கவில்லை. சக்கர நாற்காலியில் ஒருவர் எரிக்கப்படும் காட்சி எப்போது வருகிறது என்று முன்கூட்டியே அறிவித்தோம். வெளியே போக விரும்புவோருக்குக் கதவோரம் இருக்கைகள் விட்டோம். பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு உண்மையான பதில் மூன்றாவது படத்தில் கிடைத்தது. 2007 இல் வந்த ‘ஹனிபல் ரைசிங்’, லெக்டரின் இளமைக்கால முன்கதை. திரைக்கதை ஹரிஸே எழுதியது. லிதுவேனியாவில் போர்க்காலத்தில் தங்கையைப் பறிகொடுத்ததே அவன் கொலையாளியானதற்குக் காரணம் என்று அது விளக்குகிறது. நமது அட்டைகள் இதை ஏற்கவில்லை. ‘உடன்பிறப்பைப் போரில் இழந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறோம்’ என்று ஒரு அட்டையில் இருந்தது. இவ்வளவு நேர்மையான விமர்சனம் நமது வட்டத்தில் வேறெந்தப் படத்துக்கும் வரவில்லை. இந்த வரிசையை முன்மொழிந்து கைதட்டிய நால்வரில் மூவர் அன்று வரவில்லை. எழுதித் தருவதாகச் சொன்ன விமர்சனங்களில் ஒன்றுதான் வந்து சேர்ந்தது.

சந்தா பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. அங்கத்தவரில் கணிசமானோர் இரண்டாம் ஆண்டாகவும் செலுத்தவில்லை. நினைவூட்டினால் அடுத்த திரையிடலில் தருகிறேன் என்கிறார்கள், அடுத்த திரையிடலுக்கு வருவதில்லை. கதிரைகளை அடுக்குவதும் கறுப்புச் சீலைகளைக் கழற்றுவதும் எப்போதும் அதே மூன்று பேர்.

கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். திரையிடல் உரிமை, மண்டப வாடகை, புரொஜெக்டர் விளக்கு ஆகியவற்றுக்கே பெரும்பகுதி சென்றது. நன்கொடைகளால் குறை ஓரளவு நிரம்பியது. சில பற்றுச்சீட்டுகள் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி இரவல் தந்தவருக்கும், தேநீர் தந்த சகோதரிகளுக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அதே இரு படங்களை, இம்முறை மழைக்காலத்துக்கு முன், அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் திரும்பக் காட்ட விரும்புகிறேன். 1991 படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் இன்னும் பாதியில் நிற்கிறது. அதன் படச்சட்டம் உயரமானதால் கீழே விளிம்பு இல்லையென்றே சொல்லலாம், வரிகளை இன்னும் சுருக்கவேண்டும். யூனிக்கோட்டில் அடிக்கக்கூடிய ஐவர் முன்வந்தால் மீதி வரிகளைப் பகிர்ந்துகொள்ளலாம். எவரும் முன்வராவிட்டால் இந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. பெயர் பதியும் தாள் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. நிலுவைச் சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்