எங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எங்கள் அப்பாவைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர்கள் எல்லோருக்கும், பிறகு வீடு தேடி வந்த சிஸ்டருக்கும் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வணக்கம்.

வலது கை, கால் விழுந்து, பேச்சும் குழறிப்போன நிலையில் அப்பாவை 108-ல் ஏற்றிக்கொண்டு வந்தோம். எழுபதைத் தாண்டிய உடம்பு. டாக்டர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் இரவும் பகலும் அவர் பக்கத்தில் நின்றது நீங்கள்தான் என்பதால் இந்த மடலை உங்களுக்கென்றே எழுதுகிறேன்.

வந்த அன்றே அம்மா ராகிக் கூழ் கரைத்து எடுத்துவந்து, அப்பா வாயில் ஊற்றப் போனார். டியூட்டியில் இருந்த சிஸ்டர் ஓடிவந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா, தாத்தாவுக்கு இப்ப முழுங்க வராது. நெஞ்சுக்குள்ள போயிரும்" என்றார். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டைத் தசை சரியாக வேலை செய்யாது, கொடுப்பது நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிவிடும், வயதானவர்களுக்கு இருமல்கூட வராமல் அப்படி நடக்கும் என்று அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். பிறகு அதே கூழை நன்றாக வடிகட்டி மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கப் பழக்கினார். முதலில் தலைமாட்டை உயர்த்த வேண்டும். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், உடனே படுக்க வைத்துவிடக் கூடாது. தன் கையால் கரைத்த கூழ் அப்பா வயிற்றுக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் அம்மா அன்று சாப்பிட்டார்.

படுக்கைப் புண் என்றால் என்ன என்பதையும் உங்களிடம்தான் கற்றோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பீர்கள். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று ஒரு தாளில் நேரத்தோடு எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தீர்கள். குதிகாலையும் இடுப்புக்குக் கீழே எலும்பு துருத்தும் இடத்தையும் தினமும் பார்க்கச் சொன்னீர்கள். ஒருநாள் அந்த இடுப்புப் பக்கம் லேசாகச் சிவந்திருந்தது. சிஸ்டர் விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுக்கவே இல்லை. "இது புண்ணோட ஆரம்பம். இன்னும் ரெண்டு நாள் விட்டா தோல் கிழிஞ்சிரும்" என்று சொல்லி, அந்தப் பக்கம் பாரம் படாமல் தலையணைகளை மாற்றிவைத்தார். சிவப்பு மறைந்தது. எங்கள் உறவில் ஒரு பெரியவர் படுக்கைப் புண்ணிலேயே போய்ச் சேர்ந்தார். அதனால் அந்த விரல் அழுத்தத்தின் அருமை எங்களுக்குத் தெரியும்.

ராத்திரியில் அப்பாவுக்கு நினைவு தடுமாறும். மாட்டை அவிழ்க்கணும் என்று எழுந்திருக்கப் பார்ப்பார், குழாயைப் பிடித்து இழுப்பார். அவர் கையை நீங்கள் கட்டிப்போடவில்லை. விளக்கைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "தாத்தா, தர்மபுரி ஆஸ்பத்திரியில இருக்கீங்க, ராத்திரி ஆயிருச்சு, உங்க பொண்ணு இங்கதான் இருக்கு" என்று அவர் அடங்கும் வரைக்கும் சொல்வீர்கள். வார்டு நிறைய நோயாளிகளை வைத்துக்கொண்டு இதையும் செய்தீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் கைவிடப்பட்டதாக நாங்கள் உணரவில்லை என்றால் அதற்குக் காரணம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசின் திட்டம். அதில் வந்த சிஸ்டர் சிறுநீர்க் குழாயை மாற்றினார். சிறுநீர் சேரும் பையை இடுப்புக்கு மேலே தூக்கினால் சிறுநீர் உள்ளே திரும்பி நோய்த்தொற்று வரும் என்று என் தம்பி மகனுக்குக்கூடப் புரியும்படி சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட எங்கள் பக்கத்து ஊர்களில் வயதானவர்கள்தான் வீட்டைக் காக்கிறார்கள். அவர்களுக்கு வாசற்படி ஏறி வரும் ஒரு சிஸ்டர் எவ்வளவு பெரிய பலம்!

உங்களை 'தெய்வம்' என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் செய்தது படித்து, பயிற்சி எடுத்து, கண் விழித்துச் செய்யும் தொழில். உங்களில் பலர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறீர்கள் என்று அறிந்து வருந்தினேன். எங்கள் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கிடைக்க வேண்டும். ஒரு வார்டுக்கு இன்னும் கூடுதலாகச் செவிலியர் வேண்டும். இதை நோயாளி வீட்டுக்காரர்களும் சேர்ந்து கேட்க வேண்டும். நான் கேட்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது மூக்குக் குழாய் இல்லை. களியைக் குழைவாகப் பிசைந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறோம். நீங்கள் சுவரில் ஒட்டிய தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். படுத்த படுக்கையாகப் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள் யார் கேட்டாலும் கொடுக்கிறேன். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அது ஒட்டியிருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் வார்டில் இருந்த தாத்தாவின் மகள்