லுவார் கோட்டைப் பயணம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான உறவுகளே,

எங்களோடு பாரிஸிலிருந்து லுவார் ஆற்றுப் பக்கக் கோட்டைகளைப் பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் வான் வண்டியும் தெரியும், விடியற்காலைத் தேநீரும் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கிழமையாக ஒரு குரல்பதிவு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சாம்போர் கோட்டை வாசலில் பாரிஸ் மருமகளுக்கு ஒரு விலை, லண்டனிலிருந்து வந்த மாமிக்கு இன்னொரு விலை, இடையில் உள்ள காசு எங்கள் பையில் என்று அதில் சொல்கிறார்கள். பாரிஸில் நம்மவர் கடைகள் உள்ள லாசப்பலில் மரக்கறி வாங்கப் போன இடத்திலும் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள்.

இரண்டு விலை இருந்தது உண்மை. அதில் ஒரு சதமும் எங்களிடம் வரவில்லை. 2026 ஜனவரியிலிருந்து லூவ்ர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, சாம்போர் போன்ற சில பெரிய இடங்களில், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு நுழைவுச்சீட்டு விலையைக் கூட்டிவிட்டார்கள். நோர்வே அந்த வலயத்துக்குள் இருக்கிறது, சுவிஸ் இல்லை. ஆகவே ஒஸ்லோவிலிருந்து வரும் அண்ணாவுக்கு வழமையான விலை, சூரிச்சிலிருந்து வரும் தங்கைக்குக் கூடிய விலை. லண்டன், டொரண்டோ, யாழ்ப்பாணம், சென்னை எல்லாம் தங்கையின் பக்கம்தான். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், இங்கே பிரான்சில் வசிப்பவர் கார்த் செஜூரை, அதாவது வதிவிட அட்டையை, காட்டினால் வழமையான விலையே. அதை வீட்டில் மறந்துவிட்டு வந்து வாசலில் எங்களோடு கோபித்தவர்களும் உண்டு. அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. காலை 6.15க்குப் புறப்படும் அவசரத்தில் யாருக்கும் மறக்கும்.

சீட்டின் காசை நாங்கள் வாங்கி அப்படியே கட்டுகிறோம். சென்ற மாதத்துப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் என் மேசையில் இருக்கின்றன, யார் வந்து கேட்டாலும் காட்டுவேன். பத்து வருடமாக ஊர்ச்சனத்தை ஏற்றி இறக்குகிறோம். மறந்துபோன கைப்பையைத் திருப்பிக் கொடுக்க ஆனியேர் வரை இரவில் ஓடியிருக்கிறேன். ‘சொந்தச் சனத்திடமே பறிக்கிறார்கள்’ என்ற அந்த ஒரு வரியைக் கேட்டபிறகு எனக்கு இரண்டு இரவு நித்திரை இல்லை.

ஆனால் எங்கள் பிழையும் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்றபோதுதான் சொன்னோம். பிள்ளைகளின் முன்னால் மாமிக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. அதற்கு மனமார மன்னிப்புக் கேட்கிறேன். முன்கூட்டியே சொல்லப்படாமல் கூடிய விலை கட்டிய எல்லாருக்கும் அந்த வித்தியாசத்தை என் கைக்காசிலிருந்து திருப்பித் தருகிறேன். இனி ஒவ்வொருவரும் எங்கே வசிக்கிறார் என்று முன்பதிவிலேயே கேட்போம், சீட்டையும் அவரவர் கையிலேயே கொடுப்போம்.

‘சாம்போரில் வெறும் அறைகளைக் காட்டினார்கள்’ என்றும் அதே பதிவில் ஒரு குறை இருந்தது. அது வெறுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1519இல் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கிய அந்த மாளிகை வேட்டைக்காக எழுந்தது. தன் ஆட்சிக்காலம் முழுவதையும் கூட்டினாலும் அவர் அங்கே தங்கியது சில கிழமைகள்தான். அரசவை ஊர்விட்டு ஊர் போகும்போது கட்டில், திரைச்சீலை எல்லாம் வண்டியில் கூடவே போகும், அரசர் கிளம்பினால் அறைகள் காலியாகிவிடும். நடுவில் உள்ள இரட்டைச் சுருள் படிக்கட்டைப் பாருங்கள். ஒருவர் ஒரு படியிலும் இன்னொருவர் மற்றப் படியிலும் ஏறினால், சாளரங்கள் வழியாக ஒருவரை ஒருவர் காணலாம், ஆனால் வழியில் சந்திக்கவே முடியாது. பிள்ளைகளை அங்கிருந்து இறக்கி வானுக்குக் கூட்டிவருவதே எங்களுக்குப் பெரிய வேலை.

பயணத்தின் அடுத்த கோட்டையான செனோன்சோ தனியார் சொத்து, 1913இலிருந்து சாக்லேட் வியாபாரம் செய்த மெனியே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அங்கே இந்த இரட்டை விலை இல்லை. ஷேர் ஆற்றின் மேலே நீளும் அதன் கூடம் முதல் உலகப்போரில் காயப்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் போரில் ஆற்றின் ஒரு கரை ஜேர்மானியர் பிடியில், மறு கரை அதற்கு வெளியே. மறு கரைக்குத் திறக்கும் அந்தக் கூடத்தின் கடைசிக் கதவில் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்று எப்போதும் கேட்டுக்கொள்வேன்.

ஆறு வருடம் எங்களோடு ஓடிய சாரதித் தம்பி மாசியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நல்ல பிள்ளை, அவர் நன்றாக இருக்க வேண்டும். இப்போது நானே ஓட்டுகிறேன். ஞாயிறு மாலை பாரிஸுக்குத் திரும்பும் வழியில் செந்தார்னூ பேயாஜில் (சுங்கச்சாவடியில்) வரிசை நீண்டுவிடுவதால் மாலை 5க்கே செனோன்சோவிலிருந்து புறப்பட வேண்டியிருக்கிறது. அதனால் அம்புவாஸ் கோட்டை இனிப் பயணத்தில் இல்லை, கட்டணமும் சித்திரையிலிருந்து ஆளுக்கு 110 யூரோ.

அந்தப் பதிவு வந்த பிறகும் மூன்று குடும்பங்கள் தாங்களாகவே அழைத்து ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் பதிந்தார்கள். ‘உங்களை எங்களுக்குத் தெரியும்’ என்று ஒரு அக்கா சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. அவருக்கும், வருடா வருடம் விருந்தாளிகளை எங்களை நம்பி அனுப்பும் உங்கள் எல்லாருக்கும் நன்றி.

வரும்போது கார்த் செஜூரோ அடையாள அட்டையோ கட்டாயம் கையில் இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சாம்போரில் சீட்டுக்குக் காசில்லை, வயதைக் காட்ட ஏதாவது கொண்டுவந்தால் போதும். மொட்டைமாடியில் காற்று பலமாக அடிக்கும், அம்மம்மாமாருக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வான்காரர்