அடித்து எழுதிய சீட்டு

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜுக்கும் நான் பதில் போடவில்லை. கோபப்படாதே. மூன்றையும் கேட்டேன், மூன்றாவதில் நீ திட்டியதை இரண்டு தடவை கேட்டேன். போனிலேயே பேசிவிடலாம்தான். ஆனால் நீ நடுவில் புகுந்து வேறு கதைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாய். இதை முழுசாகச் சொல்லியாக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவள் பிளஸ் டூ, அதனால் டிவிக்கு லீவு. நாம் 'தாத்தா' என்று கூப்பிடுவோமே, அவன் போன மாதம் வந்திருந்தான். அதே பெட்டி, அதே சிரிப்பு. உன்னிடம் அவனுக்கு வரவேண்டிய பாக்கியைப் பற்றிக் கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை, நீயே பார்த்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செகண்ட் இயர் பிள்ளைகளுக்கு 1967 தேர்தலை நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அது எப்போதுமே பிடித்த பாடம். 1965-ல் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தெருவுக்கு வந்த மாணவர்களில் பலருக்கு ஓட்டே கிடையாது, அப்போது வயது வரம்பு 21. அந்தப் போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர் சீனிவாசன், இரண்டே வருஷத்தில் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார். இதைச் சொன்னால் எந்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும். இவர்களும் நிமிர்ந்தார்கள். ஒருவன் கையைத் தூக்கினான். எனக்குச் சந்தோஷம், இந்த வருஷம் முதல் கேள்வி.

"அவர் என்ன ஆளுக சார்?"

யாரும் சிரிக்கவில்லை, யாரும் அதட்டவில்லை. எல்லோரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள், மாப்ள. அதுதான் என்னை உலுக்கியது. பையன் கெட்டவன் இல்லை. பேனா இல்லாதவனுக்குத் தன் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பென்சிலில் எழுதுகிறவன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் கல்லூரியில் கிளாஸ் ரெப்பை நாங்களே நியமிப்போம், வழக்கமாக முதல் மார்க் எடுக்கிறவர்களில் ஒருவர். இந்தத் தடவை ரகசிய வாக்கெடுப்பு என்றேன். லிங்டோ குழு 2006-ல் மாணவர் தேர்தலுக்குச் சொன்ன விதிகளைப் படித்துக் காட்டினேன்: 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும், அச்சடித்த போஸ்டர் கூடாது, செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. "ஐயாயிரமா!" என்று ஒரே ஆரவாரம். மூன்று பேர் நின்றார்கள். மேற்கேயிருந்து வரும் பஸ்ஸில் வருகிற பையன், கிழக்கு பஸ் பையன், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரு பெண். அந்தப் பெண்ணின் பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். லைப்ரரியை ஏன் மூன்றரை மணிக்கே பூட்டுகிறார்கள், பஸ் லேட்டானால் ஏன் மாணவனின் அட்டெண்டன்ஸில் கைவைக்கிறார்கள் என்று இரண்டே விஷயம், ஐந்தே நிமிஷம். பஸ்ஸைப் பற்றிப் பேசியது ஹாஸ்டல் பெண்தான், பஸ்ஸில் வருகிற இரண்டு பேரும் அதைத் தொடவே இல்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

சாக்பீஸ் டப்பாவின் மூடியில் பிளேடால் ஒரு கீறல் போட்டுப் பெட்டியாக்கினேன். கடைசி மேஜையில் மறைவுக்கு என் குடையை விரித்து வைத்தேன். ஒவ்வொருவராகப் போய் எழுதி, நான்காக மடித்துப் போட்டார்கள். நானே போர்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணினேன். 23, 18, 14. அந்தப் பெண்ணுக்குத்தான் 14.

எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த 23 எனக்குத் தெரிந்த எண். மேற்கு பஸ் லேட்டாகிற நாளெல்லாம் என் அட்டெண்டன்ஸ் நோட்டில் 23 கட்டம் காலியாக இருக்கும். கிழக்கே 20 பேர், அன்று இரண்டு பேர் லீவு. மிச்சம் 14 பேர் ஹாஸ்டலும் டவுனும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த பஸ்கள் எந்தெந்த ஊரைத் தொட்டு வருகின்றன, எந்தத் தெருக்காரர்கள் எதில் ஏறுகிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்து சேர்ந்து உட்காருகிறார்கள் என்றுதான் ஜூனிலேயே அகரவரிசைப்படி உட்கார வைத்தேன். பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுப்பது பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலும் அதைத்தான் சொல்கிறார். பெஞ்சு கலைந்தது, பஸ் கலையவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பேனாப் பையன் என் பின்னாலேயே வந்தான். "சார், நாங்க யாரும் சாதி பாக்கல சார். கூட வர்றவனுக்குப் போடாம, அதே பஸ்ல எப்படி சார் திரும்பிப் போறது?"

ரகசிய ஓட்டுதானே, யாருக்குத் தெரியும் என்றேன்.

"22 வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல சார்?"

இருபது வருஷம் பாடம் நடத்துகிறவனுக்கு இதற்குப் பதில் இல்லை. ஊரில் அவர்கள் கண்ணால் பார்ப்பது இதுதானே. வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. மெஷின் வந்தபிறகு பூத் வாரியாகக் கணக்கு வருகிறது, அந்தக் கணக்கு இருக்கிற படிவம் 20-ஐப் பார்த்தால் எந்தத் தெரு எந்தப் பக்கம் போட்டது என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். பல மெஷின்களைச் சேர்த்து மொத்தமாக எண்ணும் டோட்டலைசர் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் வருஷாவருஷம் ஐந்து மார்க் கேள்வியாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 19 வயதுப் பையனின் வயிற்றில் இருக்கிற பயம் அது என்று இப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு சீட்டுகளை மறுபடி பிரித்துப் பார்த்தேன். செய்திருக்கக் கூடாது, ஆனால் செய்தேன். ஒரு சீட்டில் முதலில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. நீலப் பேனா, அழகான கையெழுத்து. அதன்மேல் தாள் கிழிகிற அளவுக்கு ஒரு கோடு. கீழே மேற்கு பஸ் பையனின் பெயர், அவசரமாக. குடை மறைவில், யாரும் பார்க்காத இடத்தில், தனியாக நின்று ஒரு பிள்ளை அதை அடித்திருக்கிறது. யாரென்று எனக்குத் தெரியவேண்டாம்.

அடுத்த செமஸ்டரில் மூன்று வருஷத்து மாணவர்களையும் சேர்த்து ஒரே பெட்டி வைக்கப் போகிறேன். மொத்தமாகக் கலந்து எண்ணினால், யாருக்கு எந்த பஸ்ஸில் ஒரு ஓட்டு குறைந்தது என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஹெச்.ஓ.டி. முகத்தைச் சுளிக்கிறார். "எதுக்கு சார் காலேஜுக்குள்ள அரசியல்?" என்கிறார். நான் விடப்போவதில்லை.

இப்போது இன்னொன்று. இதற்காகத்தான் கடிதமே.

நாம் ஹாஸ்டலில் இருந்தபோது நீ நின்ற மெஸ் செக்ரட்டரி தேர்தல். நம் வராண்டாவில் உன்னையும் சேர்த்து 17 பேர். முந்தின ராத்திரி, 'கர்னல்' என்று நாம் கூப்பிடுவோமே, அவன் ரூமில் கூடினோம். நம்ம ஆளுக்குத்தான் போடணும் என்று பேசி முடித்தார்கள். அந்த "நம்ம ஆளு"வில் நீ இல்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பெட்டிக்கு முன்னால் உன் பெயர்தான் மனதில் இருந்தது, கை வேறு பெயரை எழுதியது. உன்னோடு ஒரே ரூமில் இருந்துகொண்டு, உன் போஸ்டருக்குப் பசை காய்ச்சிக் கொடுத்துவிட்டு.

28 வருஷமாக உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போர்டில் 23 என்று எழுதியபோதுதான் ஞாபகம் வந்தது: வராண்டாவுக்கு ஒரு பெட்டி வைத்தார்கள், பெட்டி வாரியாகக் கணக்கை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நம் பெட்டியில் உனக்கு விழுந்தது ஒரு ஓட்டு. அது உன் ஓட்டு.

நீ அதைப் படித்துவிட்டுத்தானே ரூமுக்கு வந்தாய்? நான் தூங்குகிறமாதிரி படுத்திருந்தேன். என் கொசுவலையின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. நீ அதை ஆணியில் இழுத்துக் கட்டிவிட்டு, விளக்கை அணைத்தாய்.

திட்டினாலும் சரி, பதில் எழுது. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

உன்,
ரூம்மேட்