கல்யாணத்துக்காக அவசரப்படாதே, அம்மு

அன்புள்ள அம்மு,

உதட்டில் தையல் பிரித்தாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். வீடியோ காலில் துப்பட்டாவை வாயருகே பிடித்துக்கொண்டேதான் பேசினாயாம். ஸ்கூட்டர் சறுக்கியதில் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் 26 வயதில் முன்பல் இரண்டும் போனது உனக்கு எவ்வளவு வேதனை என்று எனக்குப் புரிகிறது.

பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குள் பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களின் மேல் மாட்டி நிற்கும் செயற்கைப் பல், போட்டு முடித்துவிடலாம் என்கிறாயாம். கொஞ்சம் பொறு அம்மா. பிரிட்ஜ் சீக்கிரம் முடியும், சரி. ஆனால் அதைத் தாங்க இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்கவேண்டும். விபத்தில் தப்பித்த நல்ல பற்களை நாமே ஏன் தேய்க்கவேண்டும்? தேய்த்தது திரும்ப வளராது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதற்குப் பதில் இம்ப்ளான்ட் வைத்துக்கொள். அது பக்கத்துப் பல்லைத் தொடுவதில்லை. தாடை எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டபின் மேலே பல் பொருத்துவார்கள். 1952-இல் ஸ்வீடனில் பிரானமார்க் என்ற மருத்துவர் முயலின் கால் எலும்பில் ஆராய்ச்சி செய்தபோது, உள்ளே வைத்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒட்டிக்கொண்டு எடுக்கவே வரவில்லையாம். அதை வைத்து 1965-இல் முதல் நோயாளிக்குப் பல் கட்டினார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை அவை நிலைத்திருந்தன. அதைப் படித்தபிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

எலும்பு பிடிக்கப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்காக ஆரம்பிப்பதையும் தள்ளிப்போடாதே. முன்பல் இருந்த இடத்தில் எலும்பு மெல்லியது, பல் போனபின் அது கரைந்துகொண்டே வரும். இப்போதே ஸ்கேன் எடுத்து, எலும்பு போதுமா, செயற்கை எலும்பு வைக்கவேண்டுமா என்று டாக்டரிடம் கேள்.

கல்யாணத்துக்குக் கழற்றி மாட்டும் பல் செய்து தருவார்கள். போட்டோவில் தெரியாது. நன்றாகச் சிரித்துக்கொண்டு வா. அதை வைத்து முறுக்கு மட்டும் கடிக்காதே.

இம்ப்ளான்ட்டில் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் எலும்பும் போய்விடும். ராத்திரி பல் தேய்க்காமல் படுக்கிற பழக்கத்தை விட்டுவிடு.

செலவை நினைத்துப் பிரிட்ஜுக்குப் போகாதே. அடுத்த மாதம் சீட்டுப் பணம் கைக்கு வருகிறது, அது இதற்குத்தான். டாக்டரிடம் போகிற தேதியைச் சொல், அம்மா கிளம்பி வருகிறாள்.

அன்புடன்,
அப்பா