பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று பிளாக்: சிசி மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் வாகன இணைப்பில் வந்த கட்டுரையில், பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் அடிப்படை வார்ப்பு) பழுதானால் அதே சிசி-யில் (அதே எஞ்சின் கொள்ளளவில்) இன்னொன்றை வாங்கி மாட்டினால் போதும் என்று ஒரு வரி இருந்தது. மற்றபடி கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கொடுப்பவர், கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) உட்காராத பிளாக்கையோ கியர்பாக்ஸ் சேராத பிளாக்கையோ வைத்துக்கொண்டு திண்டாடுவார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், இருக்கும் பிளாக் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். கனெக்டிங் ராடு உடைந்து பக்கச்சுவரில் ஓட்டை போட்டிருந்தால் பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் போரும் (சிலிண்டர் துளை), கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் இடமும் தப்பியிருந்தால், அந்த ஓட்டையை உலோகத் தையல் முறையில் (சூடாக்காமல் உலோக ஆணிகளால் பூட்டும் முறை) அடைத்துவிடலாம். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைப்பதைவிட இது மேல். வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே புது விரிசல் கிளம்பும். ஒரு சிலிண்டர் மட்டும் கீறியிருந்தால் அதற்கு மட்டும் ஸ்லீவ் (உள்ளே செருகும் புதுக் குழாய்) போடலாம். மெயின் பேரிங்கைத் தாங்கும் குறுக்குச் சுவரில் விரிசல் விழுந்து போல்ட் ஓட்டை வரை ஓடியிருந்தால், அல்லது எல்லா சிலிண்டர்களின் சுவரும் மெலிந்திருந்தால், அப்போதுதான் மாற்று பிளாக் தேட வேண்டும்.

தேடும்போது சிசி என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். நான்கு சிலிண்டர் எம்ஜிபி காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் கடைசி வரை 1798 சிசி-தான். ஆனால் 1964 இலையுதிர் காலம் வரை கிராங்க்கை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்கின. அதற்குப் பிறகு ஐந்து. மூன்று பேரிங் கிராங்க் ஐந்து பேரிங் பிளாக்கில் உட்காராது. மூன்று பேரிங் எஞ்சினில் ஆர்.பி.எம். மீட்டர் கேபிளால் ஓடியது, ஐந்து பேரிங்கில் அது மின்சாரத்துக்கு மாறிவிட்டது. எனவே பிளாக்கை மாற்றினால் டாஷ்போர்டிலும் வேலை இருக்கிறது. 1968-ல் கியர்பாக்ஸ் மாறியபோது பின்தகடு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மூன்றும் மாறின. ஆகவே 18ஜிபி, 18வி என்று பிளாக்கில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் விலை பேசக் கூடாது.

செவர்லே கார்வெட்டில் இன்னொரு சிக்கல். 350 கன அங்குல பிளாக்கும் 305 கன அங்குல பிளாக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். 350-ன் போர் 101.6 மி.மீ., 305-ன் போர் சுமார் 95 மி.மீ. 305-ஐ போர் பண்ணி 350 ஆக்க முடியாது, சுவர் மிஞ்சாது. 350-லேயே 1985 வரை பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டு, 1986 முதல் ஒரே துண்டு. சீல்தானே என்று விட்டுவிட முடியாது. கிராங்க்கின் பின்முனை, ஃப்ளைவீல், ஆயில் பேன் எல்லாமே அதோடு மாறுகின்றன. 1967 வரையான 327 கன அங்குல எஞ்சினில் மெயின் ஜர்னல் (கிராங்க்கில் மெயின் பேரிங் பிடிக்கும் பகுதி) 58.4 மி.மீ., 1968 முதல் 62.2 மி.மீ. சின்ன ஜர்னல் கிராங்க்கைத் தடித்த பேரிங் வைத்துப் பெரிய பிளாக்கில் உட்காரவைக்கலாம். பெரியது சின்னதில் அப்படியே உட்காராது.

லோட்டஸ் ஈலானுக்கு வேறு கதை. அதன் ட்வின்கேம் எஞ்சினின் கீழ்ப்பாதி ஃபோர்டு 1500 குடும்பத்தைச் சேர்ந்தது. பலர் அதே குடும்பத்தின் 1600 கிராஸ்ஃப்ளோ பிளாக்கான 711எம்-ஐத் தேடுகிறார்கள். உறுதியான பிளாக், சந்தேகமில்லை. ஆனால் அது சுமார் 11 மி.மீ. உயரம் கூடியது. டைமிங் செயின் நீளம், முன்பக்க மூடி எல்லாம் அதற்கேற்ப மாற வேண்டும். ஈலானின் தாழ்ந்த பானெட்டுக்கு அடியில் அந்த 11 மி.மீ.க்கு இடம் தேட வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு செய்தால் நல்ல எஞ்சின் கிடைக்கும். தெரியாமல் செய்தால் பானெட் மூடாது.

ஜாகுவார் ஈ-டைப் 4.2-ல் பார்க்க வேண்டியது வேறு. 3.8 எஞ்சினின் 87 மி.மீ. போரை 92 மி.மீ. ஆக்கினார்கள், பிளாக்கின் நீளத்தைக் கூட்டவில்லை. அதனால் சிலிண்டர்களுக்கு நடுவே இரும்பு குறைவு. ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) உட்காரும் தளத்தில், இரண்டு போர்களுக்கு இடையே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். போர்ஷே 911-ல் 1968-க்குப் பிறகு 1977 வரை பெரும்பாலும் மெக்னீசியம் கேஸ் (அந்த எஞ்சினில் பிளாக்கின் இடத்தில் இருப்பது). ஹெட் ஸ்டட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவது அதன் பிறவிக் குறை. 24 ஓட்டைக்கும் எஃகு மரை போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கேஸின் இரு பாதிகளும் சேர்த்தே கடையப்பட்டவை. ஒரு பாதியை மட்டும் தனியாக வாங்கி எதுவும் செய்ய முடியாது.

சரியான பிளாக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் இடத்தில் கையோடு கொண்டுபோக வேண்டியவை: போர் கேஜ், நேர்விளிம்புச் சட்டம், ஃபீலர் கேஜ், டார்ச், வளைந்த கம்பி ஒன்று. மெயின் கேப்கள் (மெயின் பேரிங்குகளை அடியிலிருந்து பிடிக்கும் மூடிகள்) எல்லாம் இருக்கின்றனவா, அதே பிளாக்கின் கேப்கள்தானா என்று பாருங்கள். கேப்பை மாட்டித்தான் தொழிற்சாலையில் மெயின் துளையைக் கடைந்திருப்பார்கள். வேறு பிளாக்கின் கேப்பை மாட்டினால் துளை வட்டமாக இருக்காது. கேப் இல்லாத பிளாக்குக்கு லைன் போரிங் (மெயின் துளைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைவது) கட்டாயம். லைன் போரிங்கில் கிராங்க் ஹெட்டை நோக்கிச் சிறிது மேலேறும், டைமிங் செயின் தொய்யும். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்து துரு. திறந்த வெளியில் கிடந்த பிளாக்கில், ஒரு சிலிண்டரில் மழைநீர் தேங்கி நின்ற மட்டத்தில் வளையமாகத் துருக்குழிகள் இருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். அதன் ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் என்றால் விட்டத்தில் அரை மி.மீ.; சுவரிலிருந்து போவது கால் மி.மீ.தான். குழி 0.4 மி.மீ. ஆழம் இருந்தால் 20 தௌ-வில் மறையாது, 40 தௌ போக வேண்டும். ஏற்கெனவே 40 தௌ கடைந்த பிளாக் என்றால் ஸ்லீவ்தான். விற்பவர் 'ஸ்டாண்டர்ட் போர்' என்று சொன்னாலும் நீங்களே அளந்து பாருங்கள். ரிங் உரசும் பகுதியின் மேல்முனையில்தான் தேய்மானம் அதிகம். அங்கே குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று என அளந்து, பிறகு அடிப்பாகத்தில் அளந்து ஒப்பிடுங்கள்.

வெளியே தெரியாத துருதான் இன்னும் மோசமானது. தண்ணீர் பக்கத்திலிருந்து சுவர் அரித்துக்கொண்டே வந்திருக்கும். பின்பக்கக் கோர் பிளக்கை (தண்ணீர் வழியை மூடும் தகட்டு மூடி) கழற்றி வளைந்த கம்பியை உள்ளே விடுங்கள். கடைசி சிலிண்டரைச் சுற்றிச் சேறு இறுகிக் கிடந்தால், அங்கே வருடக்கணக்கில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த பிளாக்கை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பட்டறையில் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. பலர் போரிங்கை முதலில் செய்து காசை இழக்கிறார்கள். முதலில் கழுவ வேண்டும். ஆயில் காலரி (எண்ணெய் ஓடும் வழி) பிளக்குகளைக் கழற்றாமல் கழுவுவது கழுவியதாகாது. பழைய உலோகத்தூள் அங்கேதான் தங்கியிருக்கும், ஓட்டிய முதல் சில நிமிடங்களிலேயே பேரிங்கைக் கீறிவிடும். காஸ்டிக் தொட்டி இரும்பு பிளாக்குக்கு மட்டும். அலுமினியத்தை அது தின்றுவிடும். கழுவியபின் விரிசல் சோதனை: இரும்புக்குக் காந்தத்தூள், அலுமினியத்துக்குச் சாய முறை. பிறகு தண்ணீர் வழிகளை அடைத்து 30 முதல் 40 பிஎஸ்ஐ அழுத்தம், முடிந்தால் வெந்நீரில். குளிர்ந்த பிளாக்கில் மூடியிருக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். அதன்பின் அல்ட்ராசோனிக் கருவியால் சுவர்த் தடிப்பு. ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு திசையில், மேல், நடு, கீழ் என்று அளக்க வேண்டும். வார்க்கும்போது உள் அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். பவர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சாயும் பக்கத்தில், கடைந்த பிறகும் சுமார் 3 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது கார்வெட் போன்ற இரும்பு பிளாக்குகளுக்குப் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. இவ்வளவும் தேறிய பிறகுதான் மெயின் துளை, தளம், கடைசியாகப் போர். பிஸ்டன் கைக்கு வந்து அதை அளந்த பிறகே போரின் இறுதி அளவு. ஹோனிங்கின்போது (போரைக் கடைசியாகத் தேய்த்துச் சீராக்கும்போது) ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த தகட்டைப் பூட்டி முறையான முறுக்கு விசையில் முடுக்கச் சொல்லுங்கள். போல்ட் இறுகும்போது சிலிண்டர் லேசாகக் கோணும், அந்த நிலையில் வட்டமாக்கினால்தான் ஓடும்போதும் வட்டமாக இருக்கும்.

தளத்தை மட்டப்படுத்துமுன் ஒரு எச்சரிக்கை. கார்வெட்டில் எஞ்சின் எண் பொறித்திருப்பது ஹெட்டுக்கு முன்னால், அதே தளத்தின் நீட்சியில். கவனிக்காமல் இழைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டால் எண் போய்விடும். தவிர, வி-8-ல் தளத்தை அதிகம் இழைத்தால் ஹெட்டுகள் கீழிறங்கி இன்டேக் மேனிஃபோல்ட் போல்ட் ஓட்டைகள் சேராது. மாற்று பிளாக்கில் பழைய எண்ணைப் புதிதாகக் குத்தித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பதிவு ஆவணத்தில் எஞ்சின் எண் இருக்கும் இடங்களில் அது குற்றம். அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவதும்கூட. மாற்று எஞ்சின் என்று ஆவணத்திலேயே திருத்தி வாங்கிக்கொள்வதுதான் முறை.

கழற்றிய பழைய பிளாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த வண்டிக்கு அந்த எண் கொண்ட பிளாக் ஒன்றே ஒன்றுதான். மெயின் கேப்களை அதனதன் இடத்திலேயே மாட்டி, போரிலும் மெயின் துளைகளிலும் கெட்டியான துருத்தடுப்பு எண்ணெய் பூசி, தண்ணீர் வழிகளை ஊதிக் காயவைத்து அடைத்து, மரச்சட்டத்தின் மேல் தரை படாமல் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெயைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின் வேலை செய்யும் வாசகர்