எல்லாத்துக்கும் 'நிச்சயமாக'ன்னு போட்டா எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல செர்ட்டன்லி, டெஃபனட்லி, ஷ்யூர்லி, இன்எவிட்டபிளி நாலுக்கும் 'நிச்சயமாக'ன்னு ஒரே அர்த்தம் போட்டிருந்தீங்க. பத்தாவது படிக்கிற என் பொண்ணு அதை மனப்பாடம் பண்ணிட்டு லீவ் லெட்டர்ல "ஐ வில் இன்எவிட்டபிளி கம் ஆன் மண்டே"ன்னு எழுதி வச்சிருக்கா. படிச்சா, வேற வழியில்லாம தலையெழுத்தேன்னு ஸ்கூலுக்கு வர்றேன்னு சொல்ற மாதிரி இருக்கு. (உண்மையும் அதுதான், அது வேற விஷயம்.)

பால் விலை ஏறினா டீ விலையும் ஏறியே தீரும்ல, அந்த 'தீரும்'தான் இன்எவிட்டபிளி. யார் தடுத்தாலும் நிக்காது. நாம வாக்கு குடுக்கிற இடத்துல அது ஒட்டாது, அங்க டெஃபனட்லி போதும். அதுலயும் 'வருவேன்'னா வில்லுக்கு அப்புறம் டெஃபனட்லி, 'வரமாட்டேன்'னா வோன்ட்டுக்கு முன்னாடி, இதை யாரும் சொல்லித் தர்றதே இல்ல.

ஷ்யூர்லி இன்னும் மோசம். "ஷ்யூர்லி யூ ஹேவ் பெய்ட் த ஃபீஸ்"னு எழுதினா கட்டிட்டீங்கன்னு உறுதியா சொல்றதில்ல, 'கட்டியிருப்பீங்கல்ல?'ன்னு இழுக்கிறது. நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகைய வாங்கிக்கிட்டு "கண்டிப்பா வந்துடுறேன்"னு சொல்வாங்களே, எத்தனை பேர் வர்றாங்கன்னு பந்தி போட்டவங்களுக்குத் தெரியும். அதனால நமக்கு இது புரியாத விஷயமும் இல்ல.

இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஐ.நா.வோட பருவநிலைக் குழு ஐபிசிசி, எந்த வார்த்தைக்கு எத்தனை சதவீத வாய்ப்புன்னு கணக்கே வச்சிருக்கு. வெறும் லைக்லின்னா 66க்கு மேல, வெரி லைக்லின்னா 90, எக்ஸ்ட்ரீம்லி லைக்லின்னா 95, வெர்ச்சுவலி செர்ட்டன்னா 99. பூமி சூடாகுறதுக்கு மனுஷன்தான் முக்கிய காரணம்னு சொல்ல 2007ல வெரி போட்டவங்க 2013லதான் எக்ஸ்ட்ரீம்லிக்கு வந்தாங்க. ஒரு வார்த்தை மாற 6 வருஷம். 2021ல லைக்லியையே விட்டுட்டு சந்தேகத்துக்கே இடமில்லைன்னு எழுதிட்டாங்க. அதையெல்லாம் ஒரே 'நிச்சயமாக'வுல அடைச்சா அந்த 14 வருஷக் கதை எங்க போகும்?

அடுத்த தடவை பட்டியல் போடும்போது ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியமாவது சேர்த்துப் போடுங்க சார். அப்புறம் டெஃபனட்லி ஸ்பெல்லிங்ல 'ஏ' எழுத்தே கிடையாது, ஃபைனைட் அப்படியே உள்ள உக்காந்திருக்கும். உங்க பட்டியல்ல 'ஏ' இருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி