பீர்க்கங்காய்க்காரப் பாட்டிக்கு

ஆடியில் மொட்டை மாடியில் பீர்க்கன் விதை போட்டேன். கொடி பந்தலை மூடியது, மஞ்சள் பூவாகப் பூத்தது. புரட்டாசி வந்தும் ஒரு காய் இல்லை. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் வெம்பி விழும். பிடுங்கிப் போட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் அன்று மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு வந்தேன்.

உங்களிடம் அரைக் கிலோ பீர்க்கங்காய் கேட்டபோது வாய்தவறிப் புலம்பிவிட்டேன். நீங்கள் தராசைக் கீழே வைத்தீர்கள். "பீர்க்கம்பூ சாயங்காலந்தான் விரியும் தாயி. மாடிக்கு அந்நேரம் தேனீ எங்க வரும்?" என்றீர்கள். கொத்தாக வருவது ஆண் பூ, அடியில் குட்டிக் காயோடு தனியாக நிற்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். சுரைப்பூ ஒன்றைத் தேடி எடுத்துச் செய்தே காட்டினீர்கள். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் முறைத்தார், அது வேறு கதை.

காசு கொடுத்துக் கிளம்பியவளைக் கூப்பிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து பத்து அவரை விதை கொடுத்தீர்களே, நான் கேட்கவே இல்லை. "பனி விழுந்தாத்தான் காய்க்கும், அவசரப்படாத" என்றீர்கள்.

பீர்க்கனில் இதுவரை பதினொரு காய். தோலைக்கூட விடவில்லை, துவையல் அரைத்தோம். இப்போது மார்கழி, அவரை கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. மூன்று வாரமாக உங்கள் இடத்தில் வேறொருவர் இருக்கிறார். உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரு பை அவரைக்காய் எடுத்து வைத்திருக்கிறேன்.